பெரிய வெள்ளிக்கு லீவு

பிரான்சில் யாருக்காவது முதுகு வலித்தால் புதுச்சேரி உப்பளத்தில் இருக்கும் எங்களுக்குத் தெரிந்துவிடும். இணையத்தில் மெத்தை விற்கும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் அனுப்பும் மெயில்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. மெத்தை நடுவில் குழி விழுந்துவிட்டது என்று ஒருவர் எழுதுவார். என் பக்கம் நன்றாக இருக்கிறது, கணவர் பக்கம் மட்டும் சரிகிறது, இதற்கு மெத்தை காரணமா கணவர் காரணமா என்று ஒரு அம்மாள் கேட்டிருந்தார். எல்லாருக்கும் பணிவாக, பிழையில்லாத பிரெஞ்சில் பதில் போக வேண்டும். நான் அந்த மொழியைக் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தேன். மில் தொழிலாளியாக இருந்த என் அப்பாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு ஐயாவுக்கு 'முசியே', நன்றிக்கு 'மெர்சி' இரண்டும்தான்.

அந்த முசியே எங்கள் ஆபீசிலும் இருந்தார். பிரான்சில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துக்கொள்ளும் மேலதிகாரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மாதம் ஒருமுறை திரையில் வருவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் நினைவு வைத்து விசாரிப்பார்.

சிக்கல் லீவில்தான் வந்தது. எங்களுக்கு பிரான்ஸ் நாட்டு விடுமுறை நாட்கள்தான் விடுமுறை. நம் பக்கத்துக்கென்று தீபாவளி, பொங்கல், குடியரசு தினம் மட்டும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரே சந்தோஷம். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை லீவு, நவம்பரில் சகல புனிதர் திருநாளுக்கு லீவு. கன்னியர் பள்ளியில்கூட இத்தனை விட்டதில்லை. ஆகஸ்ட் பதினைந்து இன்னும் வேடிக்கை. நமக்குச் சுதந்திர தினம், அவர்களுக்கு மாதா விண்ணகம் போன திருநாள். இரண்டு நாடும் ஒரே நாளில் வெவ்வேறு காரணத்துக்காகத் தூங்கும்.

ஆனால் இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளி அங்கே வேலை நாள். புதுச்சேரியில் அரசு ஆபீஸ், பேங்க், பள்ளிக்கூடம் எல்லாம் மூடியிருக்க, எங்கள் மாடியில் மட்டும் விளக்கு எரியும். ஈஸ்டருக்காகத் தள்ளுபடி விற்பனை வேறு நடக்கும் என்பதால் அந்த வாரம் சொந்த லீவும் தர மாட்டார்கள். சேர்ந்த முதல் வருடம் மதியம் மூன்று மணிக்கு, கோவிலில் இயேசு பட்ட பாடுகளை வாசிக்கும் நேரத்தில், உண்ணாநோன்போடு உட்கார்ந்து, தலையணை இலவசமா இல்லையா என்று சண்டை போட்ட ஒருவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பசியிலா துக்கத்திலா என்று எனக்கே தெரியவில்லை.

ஸ்கூல் வேன் ஓட்டும் என் அண்ணன் அன்று சாயந்திரம் போனில் குதித்தான்.

"பாத்தியா? நான் சொன்னா நம்ப மாட்ட. கிறிஸ்தவங்கன்னா எல்லா எடத்துலயும் இப்ப இதான். ஒதுக்குறானுங்க."

"ஒதுக்கறது யாரு? அவங்க ஊர்லதான் தெருவுக்குத் தெரு கோயிலு."

"கோயில் இருந்து இன்னாத்துக்கு? உள்ள ஆளு இல்லியே."

அண்ணனுக்கு வாட்ஸப்பில் தினமும் உலகத்துச் செய்தியெல்லாம் வந்துவிடும். எங்கோ ஒரு ஊரில் சிலுவைச் சங்கிலி போட்ட பெண்ணை வேலையை விட்டு அனுப்பினார்கள், எங்கோ ஜெபக் கூட்டத்தில் கல் விழுந்தது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எனக்கு அனுப்புவான். அதில் எது உண்மை, எது உப்பு காரம் சேர்த்தது என்று பிரிக்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை. என் சொந்த அனுபவமும் ஒரு பக்கமாகச் சாயவில்லை. மூலக்குளத்தில் வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்துவிட்டு, நேற்றே ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த தெருவிலேயே இன்னொருவர், கிறிஸ்தவர்கள் என்றால் அமைதியாக இருப்பார்கள் என்று வாடகையைக் குறைத்துக் கொடுத்தார். என் கணவர் பாடகர் குழுவில் இருப்பது அவருக்கு அப்போது தெரியாது.

ஆபீசில் எனக்குப் பக்கத்து இருக்கையில் நான் தங்கச்சி என்று கூப்பிடும் ஒரு பெண். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. அவளிடம் என் வருத்தத்தையும் அண்ணனின் வாட்ஸப் புலம்பலையும் சொன்னேன்.

"இன்னாக்கா நீங்க. வருசத்துல பாதி லீவு உங்க சாமிக்குத்தான் உடுறாங்க. எங்களுக்கு தீபாவளிக்கு ஒருநாள். இதுல ஒதுக்குறாங்களாம்!"

"அந்த லீவெல்லாம் நான் கேட்டது இல்ல. கேக்கறது ஒண்ணே ஒண்ணு."

"அப்ப கேளுங்க. முசியே இன்னா கடிச்சா திங்கப் போறாரு?"

கேட்டேன். செப்டம்பர் மாதக் கூட்டத்தில், அடுத்த வருட விடுமுறை பற்றிப் பேச்சு வந்தபோது, எனக்குப் பெரிய வெள்ளி வேண்டும் என்றேன். முசியே சங்கடப்பட்டார். பிரெஞ்சுக் குடியரசில் மதம் அவரவர் வீட்டு விஷயம், அலுவலகத்துக்குள் அதற்கு இடமில்லை என்று மெதுவாக விளக்கினார். எனக்குப் பேச்சில் ஜெயிக்க வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டது.

"இங்கே நாங்கள் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. வருடா வருடம் இதே அறையில் சரஸ்வதி பூஜை செய்கிறோம். கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வைப்போம். நானும் பொரி தின்கிறேன். யாருக்கும் கெடுதல் இல்லையே" என்றேன்.

திரையில் அவர் முகம் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. அலுவலகத்துக்குள் பூஜை நடப்பது அந்த மனிதருக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் மெயில் வந்தது. எந்த மதத்தின் சடங்கும் இனி அலுவலகத்துக்குள் கூடாது. எல்லாருக்கும் ஒரே விதி. அது பாரபட்சம் இல்லாத விதிதான், அதை மறுக்க முடியாது. எனக்குப் பெரிய வெள்ளியும் இல்லை, அவர்களுக்குச் சரஸ்வதி பூஜையும் இல்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் யாரும் எனக்குக் குழம்பு நீட்டவில்லை. வழக்கமாக என் டப்பாவுக்குள் கைவிட்டு மீன் வறுவலை எடுக்கும் தங்கச்சி, வேறு மேஜையில் போய் உட்கார்ந்தாள். படியிறங்கும்போது மறித்துக் கேட்டேன்.

"ஒரு லீவு கேக்கப் போயி எங்க சாமியத் தூக்கி வெளிய வெச்சுட்டு வந்துட்டீங்களேக்கா" என்றாள். கோபத்தைவிட அழுகைதான் குரலில் அதிகம் இருந்தது.

"நான் உங்க பூஜையக் கொற சொல்லலடி. ஒசத்தித்தான் சொன்னேன்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆபீஸ்ல கிறிஸ்டியன் அம்மா போட்டுக் குடுத்துட்டாங்கன்னுதான் பேச்சு."

அந்த 'கிறிஸ்டியன் அம்மா' எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதுவரை அங்கே நான் வெறும் அக்காதான். அண்ணன் மூட்டை கட்டி அனுப்பும் செய்திகளில் இருப்பவர்களுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்திருந்தேன். ஒரே மெயிலில் நானும் அந்த மூட்டைக்குள் போய்விட்டேன். ஆபீசில் மற்றவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் அவர்கள் இழந்ததும் பெரிதுதான். அந்த வருடம் பூஜை நாளில் சந்தனம் இல்லாமல், பொரி இல்லாமல், எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு மெத்தைகளைப் பற்றி எழுதினோம்.

மறுவாரம் நானே தங்கச்சியிடம் போனேன். "அடுத்த கூட்டத்துல உங்க பூஜைக்கு நான் பேசறேன். நீயும் கூட வா" என்றேன். "நீங்க பேசாதீங்க. நீங்க வாயத் தொறந்தா எதனா ஒண்ணு போயிடுது. நான் பேசறேன்" என்றாள்.

நவம்பர் கூட்டத்தில் அவள் சுவரில் மாட்டியிருந்த கம்பெனிக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பிரெஞ்சு இலக்கணம் சரியாக இருக்கும், உச்சரிப்பில் மட்டும் வில்லியனூர் மணக்கும்.

"முசியே, ஒரு சந்தேகம். மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை லீவு விடுகிறீர்களே, அன்று என்ன?"

"அதுவா... இயேசு விண்ணேறிய நாள்."

"அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை வருகிறதே?"

"பரிசுத்த ஆவி இறங்கி வந்ததை ஒட்டி..." முசியேவின் குரலும் கொஞ்சம் இறங்கியது.

"ஒருவர் ஏறுகிறார், ஒருவர் இறங்குகிறார். ஆகஸ்ட் பதினைந்து?"

"கன்னி மரியாள் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்."

"இன்னொருவரும் ஏறுகிறார். முசியே, மதம் வீட்டு விஷயம் என்றீர்கள். இந்தக் காலண்டர் ஆபீசில்தானே மாட்டியிருக்கிறது?"

முசியே தன் பக்கத்தில் ஏதோ ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். அவருடைய காலண்டராக இருக்க வேண்டும். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நாங்கள் பார்த்ததே இல்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அதெல்லாம் பழக்கம், யாரும் அதை மதமாக நினைப்பதில்லை என்று நடுவில் சொல்ல முயன்றார்.

"எங்கள் பொரியும் பழக்கம்தான்" என்றாள் தங்கச்சி.

"அக்காவின் வெள்ளிக்கிழமையும் பழக்கம்தான்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்குக் குழம்பு நீட்டாதவர்களில் ஒருவர் அவர். திரும்பிப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

முசியே இரண்டு வாரம் யோசித்தார். பிறகு முடிவு வந்தது. பிரான்சின் அந்தத் திருநாள் விடுமுறைகளை யார் வேண்டுமானாலும் தங்களுக்குத் தேவையான நாளோடு மாற்றிக்கொள்ளலாம். பூஜையை வேலை தொடங்குவதற்கு முன்னால், சாப்பாட்டு அறையில், விருப்பமுள்ளவர்கள் செய்துகொள்ளலாம். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பதானால் திரையில் படாமல் வைக்கவும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரியைப் படித்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த வருடம் பெரிய வெள்ளி எனக்குக் கிடைத்தது. கோவிலில் கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்று சிலுவையை முத்தமிட்டேன். வெளியே ஊற்றிய கஞ்சியை நின்றுகொண்டே குடித்தேன். நடுவில் தங்கச்சி போன் செய்து, ஸ்பிரிங் மெத்தை கிறீச்சிடுவதற்கு பிரெஞ்சில் என்ன சொல் என்று கேட்டாள். கோவில் மதிலோரம் ஒதுங்கி, குரலை அடக்கிச் சொன்னேன்.

அதற்குப் பதிலாக நான் கொடுத்தது மே மாத வியாழக்கிழமையை. இங்கே அந்தத் திருநாளை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டதால் எனக்கு நஷ்டம் இல்லை. தங்கச்சி உட்பட இன்னும் பலர் தீபாவளிக்கு முந்தைய நாளுக்காக அதே வியாழனைக் கொடுத்திருந்தார்கள். ஆபீஸ் நிறைந்திருந்தது. ஆனால் பிரான்ஸ் முழுக்க லீவு. ஒரு மெயில்கூட வரவில்லை. நாங்கள் திரையைப் பார்த்தோம், திரை எங்களைப் பார்த்தது. பள்ளி விடுமுறை என்பதால் சும்மா இருந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். பெரிய மார்க்கெட்டில் வாங்கிய இறாலைச் சமைத்து, சோற்றோடு அண்டா நிறையக் கொண்டுவந்தான். ஓய்வு நாளில் ஆபீஸ் திறந்து சாப்பிடும் கூட்டத்தை அவன் அன்றுதான் முதல்முறை பார்த்தான்.

சாப்பாட்டின் நடுவே தங்கச்சி அவனைச் சீண்டினாள்.

"இன்னாண்ணே, இப்பவும் ஒதுக்குறாங்கன்றீங்களா?"

"கேட்டு வாங்கினதுதானே? கேக்காம உங்களுக்குக் கெடைக்குது தீபாவளி."

"நாங்களும் பூஜைய கேட்டுத்தான் வாங்கனோம்."

அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "செரி, இதுக்கு மட்டும் பதில் சொல்லு. எங்க பாட்டன் சாதியில கீழன்னு வெச்சிருந்தாங்கன்னுதான் இந்த வேதத்துக்கு வந்தாரு. வந்ததால இப்ப சர்க்கார்ல எங்கள எஸ்சின்னு சேக்க மாட்டாங்க. மதம் மாறினா சாதி போயிடுமாம். ஆனா ஊருக்குள்ள போயிடுச்சா? உங்க ஊர் கோயிலுக்குள்ள எங்க சொந்தக்காரங்க வர்றாங்களா?"

தங்கச்சி அவனை நேராகப் பார்த்தாள்.

"வர்றதில்லண்ணே. நான் பொய் சொல்ல மாட்டேன்."

எதிர்த்துப் பேசுவாள் என்று தயாராக இருந்த அண்ணன் மறுபடி சோற்றைப் பிசைந்தான். பிறகு அவனே சொன்னான்:

"எங்க கோயில் மட்டும் இன்னா. எங்கப்பா சின்னப் புள்ளயா இருந்தப்ப அதுக்குள்ளயே எங்களுக்குன்னு தனிப் பக்கம்தான். ஒரே சாமி, ஒரே பூசை, ரெண்டு பக்கம்."

"அதயும் வாட்ஸப்புல போடுவீங்களா?"

"அதப் போடக் கை வரமாட்டேங்குதும்மா" என்றான் அண்ணன், முகம் கோணி. அந்த முகத்தைப் பார்த்து முதலில் சிரித்தது நான்தான். பிறகு அவனும் சிரித்தான், தங்கச்சியும் சிரித்தாள். அவள் அண்டாவை இழுத்து அடியில் இருந்த இறாலையெல்லாம் வழித்து அவன் தட்டில் போட்டாள். எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.