உதறாத சட்டை

மாலை நாலு பத்துக்குச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தம்பிதான் பேசினான். "அக்கா... மாமா போயிட்டாருக்கா."

அவள் ஒன்றுதான் கேட்டாள். "ரொம்பத் திணறினாரா?"

தம்பி அழத் தொடங்கினான்.

கல் அறுக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர் அவள் கணவர். ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டினால் தூசி அண்டாது என்று எல்லோரையும் போல அவரும் நம்பியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத தூசியைத் துணி தடுக்காது, அதுதான் நுரையீரலில் குடியேறும் என்று, நெஞ்சைப் படம் எடுத்த டாக்டர் சொன்னபோது காலம் கடந்திருந்தது.

அறுப்பு வேலையை விட்டு வாசல் காவலுக்கு மாறினார். ஆனாலும் மதியச் சாப்பாட்டு வேளையில் உள்ளே போய்விடுவார். "கல்லுல தண்ணி ஊத்திக்கிட்டே அறுங்கடா. தாடியை எடுங்கடா, இல்லாட்டி முகமூடி ஒட்டாது."

"தாடி போனா என் பொண்டாட்டிக்கு அடையாளம் தெரியாதே, அண்ணே!"

"மூச்சு போனா உனக்கே அவளைத் தெரியாதுடா."

தண்ணி வாத்தியார் என்று பேர் வைத்தார்கள். சிரித்துக்கொண்டே தாடியையும் எடுத்தார்கள்.

வீட்டிலும் பாடம் நடந்தது. அவர் கழற்றும் சட்டையைப் பின்வாசலில் உதறி எடுப்பது அவள் வழக்கம். "உதறாதே. அப்படியே வாளியில முக்கு."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து உதறின கை. இப்ப எனக்கும் க்ளாஸா?"

"அந்தத் தூசியைத்தான் நீயும் இத்தனை வருஷமா இழுத்திருக்க." மறுநாளிலிருந்து அவளைத் தொடவிடாமல் தானே வாளி நிரப்பி, தானே முக்கினார்.

வேலைக்குப் போன கடைசி நாளும் வாளியை நிரப்பினார். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "கொஞ்சம் இரு, முக்கிடறேன்" என்று படியில் உட்கார்ந்தவரை ஆட்டோவில்தான் தூக்கிப் போனார்கள்.

அந்தச் சட்டையின் முழங்கை மடிப்பு இன்னும் அவருடையதாகவே இருக்கிறது. அதில் ஒரே ஒரு முறை முகம் புதைக்க அவளுக்கு ஆசை. நேற்றும் எடுக்கப் போனாள். ஒரு சாண் தூரத்தில், தன்னை அறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டாள். முகர்ந்தால் அவர் சொன்ன சொல் போய்விடும். நனைத்தாலோ அவர் வாசனை போய்விடும்.

அவர் போய் ஒன்பது நாளாகிவிட்டது. வாளித் தண்ணீர் இரண்டு விரல்கடை வற்றியிருக்கிறது. சட்டையை இன்னும் யாரும் முக்கவில்லை.