காக்கிச் சட்டையில் செம்மண் கறை

அக்கா வீட்டுத் துவைக்கிற கல்லின் மேல் கிடந்த அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. தோளிலிருந்து முழங்கைவரை செம்பழுப்பாக ஒரு கறை. அக்காவின் கணவரான மாமா, திருப்பதிப் பக்கம் ஒரு மிருகக்காட்சி சாலையில் நீர்யானையைப் பார்த்துக்கொள்பவர். அவர் சொல்லித்தான் நானும் அங்கே தற்காலிக ஆளாகச் சேர்ந்திருந்தேன். அன்று எனக்கு விடுமுறை. அவர் கை ஒடிந்ததென்று கேள்விப்பட்டு, சொந்த ஊரான தடாவிலிருந்து ஓடி வந்தேன். எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியம் பார்க்கும் புத்தூருக்குப் போய், மூங்கில் தப்பை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். வண்டி சறுக்கியது என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

அக்கா நம்பவில்லை. அவர் குடியை விட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "மறுபடியும் குட்சிட்டு செம்மண்ல உயுந்து பொரண்டுகினு வந்துகிறாரு. புள்ளைங்கள இட்டுகினு நைனா வூட்டுக்கே போயிடறேன்" என்றாள். நானும் நம்பவில்லை, என் சந்தேகம் வேறு. மண்ணானால் நரநரக்க வேண்டும். இது விரலில் பிசின்போல ஒட்டியது. நீர்யானையின் தோலில் கசிந்து, கொஞ்ச நேரத்தில் சிவக்கும் நீர் அது. பார்க்க வருகிறவர்கள் ரத்தமென்று பதறுவார்கள். காட்டில் படகையே கவிழ்க்கும் மிருகம். குளத்தில் காதும் கண்ணும் மட்டும் தெரியக் கிடக்கும்போதுகூட மாமா அதற்கு முதுகு காட்டமாட்டார். அப்படிப்பட்டவர் உரசுமளவுக்கு அதை நெருங்க விட்டாரா?

"பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துலயே கீது, ஏன் மாமா புத்தூரு?" என்று கேட்டேன்.

"அங்க எப்டி ஆச்சின்னு எய்தி வச்சிப்பாங்க. புத்தூர்ல கைய மட்டும்தான் பாப்பாங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வந்தது. குளத்துக்கும் தீனிக் கொட்டகைக்கும் நடுவே ஓர் இரும்புக் கதவு. முந்தின நாள் சாயங்காலம் ஊருக்குப் போகும் அவசரத்தில் அதற்குத் தாழ்ப்பாள் போட்டேனா? எவ்வளவு யோசித்தும் போட்ட நினைவு வரவில்லை. எழுதி வைத்திருந்தால் என் வேலை அன்றே போயிருக்கும்.

அக்கா அப்பா வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் இன்றுவரை மாமாவை ஊதச் சொல்லி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போடுகிறாள். அவரும் குனிந்து ஊதுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கறை போகாத அந்தச் சட்டை இப்போது அடுப்பு மேடை துடைக்கும் துணி. போன வாரம் நானும் மாமாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதைப் பிழிந்துகொண்டே அக்கா கேட்டாள்: "நீ அங்கதான வேலை செய்ற. நெஜத்த சொல்லு, அன்னிக்கு குட்சிதான இருந்தாரு?"

"எனக்கென்னக்கா தெரியும், அன்னிக்கு எனக்கு லீவு" என்றேன்.

மாமா குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.