முள் காட்டிய தொண்ணூறு

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது மரியாதை. இன்டர்நெட் வேகத்தை அளக்கும்போது போன் திரையில் அரைவட்டத்துக்குள் ஒரு முள் ஏறி இறங்குமே, அந்த முள்ளை நம்பி அவனியாபுரத்திலிருந்து திருநகருக்கு வீடு மாற்றியவன் நான்.

என் மனைவி அப்போது வீட்டிலிருந்தே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். முக்கியமான பேச்சின் நடுவில் லைன் அறுந்துபோகும். இன்னொரு தடவை அறுந்தால் சென்னைக்கே வந்துவிடுங்கள் என்று எழுதிவிட்டார்கள். போன் வழியாக இணைக்கவும் கூடாது, வீட்டு லைன்தான் வேண்டும் என்பது அவர்கள் சட்டம். எங்கள் வீட்டு வைஃபையில் முள் பன்னிரண்டைத் தாண்டாது. "ஏங்க, எந்த ஏரியாவுல நல்லா வருதுன்னு பாத்துட்டு வாங்க, அங்க போயிருவோம்" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் அது.

தல்லாகுளத்தில் நண்பன் வீடு, திருநகரில் மாமா வீடு என்று சும்மா பார்க்க வந்தவன்போலக் கிளம்பினேன். ஒருத்தர் வீட்டில் வைஃபை பாஸ்வேர்டு கேட்பது பீரோ சாவியைக் கேட்பதுபோல எனக்குக் கூச்சம். கேட்கவில்லை. அந்த வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தால் அந்த வீட்டு வேகம்தானே வரும்? தல்லாகுளத்தில் முப்பது. திருநகரில் அத்தை இரண்டாவது வடையை வைக்கும்போது முள் தொண்ணூறைத் தொட்டது. மூன்றாவதை வெற்றிக்காகச் சாப்பிட்டேன். ஒரே வாரத்தில் அதே தெருவில் வீடும் பிடித்துவிட்டேன்.

புது வீட்டுக்கு லைன் இழுக்க வந்த கேபிள்காரர் மோடத்தை மாட்டி, என் போனை அந்த வைஃபையில் இணைத்துக் கொடுத்ததும் அளந்தேன். எட்டு. மாமா வீட்டுத் தொண்ணூறைச் சொல்லி நியாயம் கேட்டேன். அவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார்.

"அண்ணே, அது ஒங்க போன் சிம்மோட வேகம். தெருமுனையில டவர் நிக்கிதுல்ல, அது குடுத்தது."

"அப்ப மாமா வீட்டு லைனு?"

"அவரு வீட்டுக்கு லைனே இல்லண்ணே."

அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்ட மனைவி திட்டவில்லை. "இம்புட்டு வடை தின்னீங்களே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

பத்தாம் நாள் லைன் அறுந்தது. உறைந்துபோன திரையைப் பார்த்து அவள் "கேக்குதா சார், கேக்குதா சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் மோடத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால் என்ன பிரயோசனம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேறென்ன செய்வது என்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் மாட்டுத்தாவணியில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

இப்போது சென்னையில் ஒரு விடுதியில் இருக்கிறாள். மாதம் ஒரு தடவை வருகிறாள். தினமும் போனில் பேசிக்கொள்கிறோம். ஒரு தடவைகூட லைன் அறுவதில்லை, அதுதான் கொடுமை.

நேற்று எங்கள் தெருவுக்கு ஃபைபர் லைன் வந்தது. அதே கேபிள்காரர் மாட்டிவிட்டுப் போனதும் அளந்தேன். அதே முள், நூறில் போய் நின்றது. அதைப் படம் பிடித்து, "கம்பெனியில கேட்டுப் பாரு, வந்துரு" என்று அவளுக்கு அனுப்பினேன். பதில் வந்தது.

"மொதல்ல வைஃபை ஆன்ல இருக்கான்னு பாருங்க."