சிஸ்டர் கொண்டுவரும் கச்சேரி

இரண்டாவது ஊசி உள்ளே போகிற நேரம் பார்த்துத்தான் சிஸ்டர் பாடகரை மேடைக்கு வரவழைப்பார்.

"கூட்டம் கத்துது... லைட்டெல்லாம் அணைஞ்சிடுச்சு... ஓரத்துல ஒரே ஒரு லைட்டு மட்டும்... கையை ஆட்டாதீங்க சார்... இதோ வந்துட்டார்!"

ஊசியும் போயிருக்கும், பாடகரும் வந்திருப்பார். 'ஐயோ' என்பதா, கைதட்டுவதா என்று தெரியாமல் நான் படுத்திருப்பேன். கைதட்டவும் வழியில்லை. நாலு மணி நேரத்துக்கு என் இடது கை மெஷினுக்குச் சொந்தம்.

எங்களுடையது டயாலிசிஸ் வார்டு. சிறுநீரகம் கைவிட்டுவிட்டவர்கள் வாரத்தில் மூன்று நாள் இங்கே வந்து படுத்து, ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கிக்கொண்டு போகிறோம். சிஸ்டர் உண்மையில் நர்ஸ் அல்ல, மெஷினை ஓட்டும் டெக்னீஷியன். அதைச் சொல்லித் திருத்துவதை அவர் என்றைக்கோ விட்டுவிட்டார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். குள்ளம். கட்டிலில் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தால் குதிகாலை உயர்த்திக்கொள்வார். ஊசி போடுமுன் ஸ்டெதஸ்கோப்பை எங்கள் கையில் வைத்து ரத்த ஓட்டத்தின் இரைச்சலைக் கேட்பார். நன்றாக இருந்தால், "ம், நல்லாப் பாடுது" என்பார். சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் டாக்டருக்குப் போன் போடுவார். அவர் பேசாமல் இருந்தால்தான் எங்களுக்குப் பயம்.

இப்படிப்பட்ட சிஸ்டருக்கு ஒரு பைத்தியம் உண்டு. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தானே பாடுகிற ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரியும். எங்கள் வார்டில் 'கிடார்க்காரர்' என்றால் போதும். பஸ் போகிற தூரத்தில் அவர் எங்கே பாடினாலும் சிஸ்டர் அங்கே இருப்பார். மேடைக்கு இடப்பக்கம் நிற்பார், தந்தியை அழுத்துகிற விரல்கள் அங்கிருந்துதான் தெரியுமாம். வீட்டுக்காரர் ஒருமுறை அவரோடு போய் இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிட்டார். "தூங்கினது தப்பில்லை சார், குறட்டை விட்டார். அதுவும் தாளத்துல நிக்காம!" என்று இன்றைக்கும் பொருமுவார்.

எனக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கேட்க முடிகிறதை எதற்குக் கூட்டத்தில் இடிபட்டுக் கேட்க வேண்டும் என்று நினைக்கிற ரகம் நான். ஆனால் சிஸ்டர் சொல்கிற கச்சேரியை நான் ஒருமுறைகூட இடையில் நிறுத்தச் சொன்னதில்லை. பாட்டு என்ன என்பதை அவர் ஒரு வரியில் முடித்துவிடுவார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நடந்ததுதான் அவருக்கு முக்கியம். மைக் மேல் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்ததும், அது எழுந்து போகும்வரை பாடகர் காத்திருந்ததும். தந்தி அறுந்தபோது அவர் யாரையும் கூப்பிடாமல், பையிலிருந்து தானே ஒன்றை எடுத்துப் பேசிக்கொண்டே மாட்டியது. "மூணாவது பாட்டு சொதப்பல். சுருதி எங்கேயோ, மனுஷன் எங்கேயோ. ரசிகைன்னா பொய் சொல்லணுமா என்ன?" என்று கறாராகவும் சொல்வார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் தடை செய்திருந்தோம். பாட்டு முடிந்ததும் பாடகர் ஒரு பாட்டில் தண்ணீரைக் கடகடவென்று குடித்தார் என்று ஒருமுறை சொல்லிவிட்டார். நாள் முழுக்க மூன்று டம்ளருக்கு மேல் குடிக்கக்கூடாது என்று வைக்கப்பட்டிருக்கும் எங்களிடம்! வார்டே பெருமூச்சு விட்டது. அதிலிருந்து அவர் கச்சேரிகளில் பாடகருக்குத் தாகமே எடுப்பதில்லை.

ரசிகர்கள் கூடினால் அவரவர் பெருமை வெளியே வந்துதானே தீரும்? எதிர்க் கட்டில் தையலக்கா அவரை ஒரே ஒருமுறை, திறந்த மைதானத்தில், மழையில் பார்த்தவர். "அவரும் பாட்டை நிறுத்தலை, நானும் குடையை விரிக்கலை. விரிச்சா பின்னாடி நிக்கிறவங்களுக்கு மறைக்கும்ல?" என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் முகம் ஈரமாக இருப்பதாக எனக்குத் தோன்றும். ஜன்னலோரப் போட்டோக்காரர் எத்தனை தரம் பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. "அவர் இருமினதுகூட எங்கிட்ட ரெக்கார்டா இருக்கு" என்று மார்தட்டுவார்.

வம்பு வந்தது இந்த மார்தட்டலுக்கும் டிரைவர் அண்ணனுக்கும் இடையில்.

டிரைவர் அண்ணன் கிடார்க்காரரை மேடையில் பார்த்ததே இல்லை. ஆனால் பாடகருக்குப் பெயர் வருவதற்கு முன்னால், ஊர் ஊராய்ப் போய்ப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கோடை முழுக்க அவருக்கு வேன் ஓட்டினாராம். "ஒருநாள் மத்தியானம் பின்சீட்டுல இருந்து எழுந்து வந்து என் பக்கத்துல உக்காந்தார். அவருக்குத் தூக்கம் வரலையாம். புதுசா ஒரு பாட்டுக் கட்டிக்கிட்டே வந்தார். ஊர் வந்து சேர்ற வரைக்கும் அதே பாட்டு. என் ஒருத்தனுக்காகப் பாடினது."

"எந்தப் பாட்டு?" என்றார் போட்டோக்காரர்.

டிரைவர் அண்ணன் முதல் நாலு சொல்லைச் சொன்னார், ராகம் இல்லாமல்.

"அப்படி ஒரு பாட்டே கிடையாது. ரீல் விடாதீங்கண்ணே."

"ரெக்கார்டுல வராத பாட்டுய்யா அது."

"அப்ப முழுசாப் பாடிக் காட்டுங்க, பார்ப்போம்."

"நான் பாடினா அது அவர் பாட்டா இருக்காது" என்று சொல்லிவிட்டு டிரைவர் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து வார்டு இரண்டாகப் பிரிந்தது. தையலக்கா டிரைவர் பக்கம். வார்டைப் பெருக்கும் ஆயாம்மா அந்த நேரம் யார் கட்டிலருகே நிற்கிறாரோ அவர் பக்கம். நான் யார் பக்கமும் இல்லை, ஆனால் மனசுக்குள் போட்டோக்காரர் சொல்வதில்தான் நியாயம் தெரிந்தது.

வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு டிரைவர் அண்ணனுக்கு இதயம் தளர ஆரம்பித்தது. மெஷினில் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும், சிஸ்டர் ஓடிவந்து கால்பக்கத்தை உயர்த்துவார். பெரிய டாக்டர் அண்ணனின் மகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஒருநாள் சிஸ்டர் அவர் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நின்றபோது, அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டது என் காதில் விழுந்தது. "நான் வண்டி ஓட்டினதுக்கு போட்டோ இல்லை, சாட்சி இல்லை. என் பேச்சு ஒண்ணுதான் இருக்கு. போறபோது புளுகன்னு பேர் வாங்கிட்டா போகணும் சிஸ்டர்?"

சிஸ்டர் வழக்கத்தைவிட நீண்ட நேரம் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்.

அந்த மாதத்தில்தான் கிடார்க்காரர் இனி ஊர் ஊராய்ப் போய்ப் பாடப்போவதில்லை என்று அறிவித்தார். எங்கள் ஊரில் கடைசிக் கச்சேரி சனிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஷிஃப்ட். இன்னொரு டெக்னீஷியன் பிரசவ விடுப்பில் இருந்தார். டிக்கெட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "போறது கடவுள் விட்ட வழி" என்று சிஸ்டர் சும்மா இருந்துவிட்டார். சும்மா இராதவர் தையலக்கா. காலை ஷிஃப்ட்காரர்களைப் போனில் பிடித்து, கெஞ்சி, அதட்டி, விடிவதற்கு முன்பே வரச் சம்மதிக்க வைத்தார். அவர்கள் முன்னால் வந்தால் நாங்களும் முன்னால் வரலாம், சாயங்காலம் வார்டைப் பூட்டிவிடலாம். பெரிய டாக்டரிடம் பேசியதும் அவர்தான். நோயாளிகள் மெஷினுக்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்வதுதான் உலக வழக்கம். ஒரு பாட்டுக் கச்சேரிக்காக மெஷினையே நகர்த்தினோம் என்பதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு.

அன்று சிஸ்டர் கிளம்பும்போது டிரைவர் அண்ணன், "அந்தப் பாட்டைப் பாடறாரான்னு மட்டும் பாருங்க" என்றார்.

"பார்க்கறேண்ணே."

"பாடமாட்டார், கத்திக் கேட்டாத்தான் உண்டு" என்றார் போட்டோக்காரர் நக்கலாக.

கத்துகிறவர்களைக் கண்டால் சிஸ்டருக்கு ஆகாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். 'அந்தப் பாட்டு, இந்தப் பாட்டு' என்று கூட்டத்திலிருந்து கூவுகிறவர்களைப் பற்றி, "கேட்க வந்தாங்களா, கத்த வந்தாங்களா?" என்று அரைக் கச்சேரி நேரம் திட்டுவார். அன்று பையை மட்டும் மாட்டிக்கொண்டு போனார்.

ஞாயிறு முழுக்கப் போட்டோக்காரர் கைபேசியைக் குடைந்திருக்கிறார். ஒரு வீடியோத் துணுக்குகூட இல்லை. அந்தப் பாடகரின் கச்சேரியில் கைபேசியை வெளியே எடுக்க விடமாட்டார்கள். ஆக, நடந்தது என்ன என்பது சிஸ்டர் வாயால் வந்தால்தான் உண்டு.

அடுத்த முறை நாங்கள் எல்லோரும் நேரத்துக்கு முன்பே வந்து படுத்திருந்தோம். சிஸ்டர் வந்தார். ஸ்டெதஸ்கோப்பை என் கையில் வைத்தார். தலையை ஆட்டினார். முதல் ஊசி. இரண்டாவது ஊசி. பாடகர் வரவில்லை. வலி மட்டும் வந்தது.

"என்ன சிஸ்டர், ஒண்ணுமே சொல்லலை?" என்றேன். அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"கத்திக் கத்தித் தொண்டை போயிடுச்சாம்" என்றார் பின்னாலேயே வந்த ஆயாம்மா. "கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஷிஃப்டையே மாற்றி அனுப்பி வைத்தது இதற்கா? தையலக்கா, "அப்ப எழுதியாவது காட்டுங்களேன்" என்றார். சிஸ்டர் கையுறையைக் காட்டி, இன்னும் ஊசிக்காகக் காத்திருப்பவர்களைக் காட்டிவிட்டு நகர்ந்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கத்தவே மாட்டாத மனுஷி. குரல் போகிற அளவுக்கு எதைக் கத்தியிருப்பார்?

டிரைவர் அண்ணன் சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டினார். அவருடையதுதான் கடைசிக் கட்டில். சிஸ்டர் ஊசி போட்டு, மெஷினை ஓடவிட்டு, அழுத்தம் பார்த்து, எல்லாம் சரி என்று ஆனபின் கையுறைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டார். அவர் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நாலடி தள்ளி நின்றுகொண்டு, முகமூடியைக் கீழே இறக்கினார்.

இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்துவதுபோல் காட்டினார். மறுபடியும். மறுபடியும். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு அவரே பாடகர் ஆனார். கிடாரை வாசித்துக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. புருவத்துக்கு மேல் கையை வைத்து, இந்தப் பாட்டைக் கேட்டது யார் என்று கூட்டத்துக்குள் தேடினார். கிடாரைப் பின்னால் தள்ளினார். அப்புறம் இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பெரிய ஸ்டியரிங் ஒன்றைப் பிடித்தார்.

டிரைவர் அண்ணன் சுவரிலிருந்து திரும்பினார்.

சிஸ்டர் வண்டி ஓட்டினார். ஓட்டிக்கொண்டே இருந்தவரின் கண் மெல்லச் சொருகியது. தலை தொங்கியது. ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் போனது. பின்னாலிருந்து யாரோ தோளில் அடித்ததுபோல் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்.

"என்ன இது? தூங்கினது யாரு?" என்றார் போட்டோக்காரர்.

டிரைவர் அண்ணன் ஊசி இல்லாத கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்றுதான் முதலில் பார்த்தோம். இரண்டும்தான்.

"அதையும் சொல்லிட்டாரா! அடப்பாவி மனுஷா, யார்கிட்டேயும் சொல்லமாட்டேன்னு சொன்னாரே... நான்தான்யா தூங்கினேன். மத்தியானச் சாப்பாடு, நேர் ரோடு, கண்ணு சொருகிடுச்சு. வண்டி மண்ணுல இறங்கிடுச்சு. அதுக்கப்புறம்தான் அவர் முன்னாடி வந்து உக்காந்தார். நான் தூங்கிடக்கூடாதுன்னுதான் அந்தப் பாட்டைக் கட்டினார். டிரைவர் தூங்கினான்னு எந்த வாயால சொல்றது?"

போட்டோக்காரர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று அவர் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

சிஸ்டர் ஸ்டியரிங்கை விடவில்லை. நிமிர்ந்து, நேர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, பாடத் தொடங்கினார். சத்தமே இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நான் தற்செயலாகக் கட்டில் பக்கம் திரும்பினேன். டிரைவர் அண்ணனின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. இரண்டு பேர் வாயும் ஒரே இடத்தில் மூடின, ஒரே இடத்தில் திறந்தன.