வேட்பாளர் பாத்தி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிப் போகும்போது, சாலைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது எங்கள் குத்தகை அளம். அதற்கு வேறு எந்தச் சிறப்பும் இல்லை. மற்றவர்கள் அளத்தைவிட உப்பு வெள்ளையாக விளைந்துவிடாது, விலையும் கூடுதலாகக் கிடைக்காது. ஆனால் காரை ஓரங்கட்டிவிட்டு, வேட்டியில் சேறு படாமல் வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தாலே முதல் பாத்திக்கு வந்துவிடலாம். பின்னால் உப்புக் குவியல்கள் வரிசையாக நிற்பதால் போட்டோவும் நன்றாக விழும். இந்த ஒரே தகுதிக்காக, நாடாளுமன்றத்துக்கு நின்றவர்கள் கட்சி வித்தியாசம் பார்க்காமல் என் பாத்தியில் வந்து உப்பு வாரியிருக்கிறார்கள். எங்கள் கடற்கரைக்காக டெல்லிக்கு யார் யார் போனார்கள் என்ற வரலாறு வேண்டுமென்றால் புத்தகம் தேட வேண்டாம், என்னைக் கேட்கலாம். உப்பு வாரும் பலகையைத் தலைகீழாகப் பிடித்தவர் யார் என்பதுவரை சொல்வேன்.

வேட்பாளர் வருகிறார் என்றால் உள்ளூர்க் கட்சிக்காரர் முதல் நாளே வந்துவிடுவார்.

"அக்கா, அந்த மொதல் பாத்திய மட்டும் நாளைக்கு வாராம வுட்டுடுங்க. நம்ம அண்ணன் வர்றாரு."

எல்லாக் கட்சிக்கும் ஒரு அண்ணன் உண்டு. நாங்களும் அந்தப் பாத்தியை விட்டுவைப்போம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே வேட்பாளர் பாத்தி. உப்பை வாரும்போது பலகையை மேலாக இழுக்க வேண்டும். அழுத்தினால் அடியில் இருக்கும் களிமண் கிளம்பிவிடும். வேட்பாளர்கள் எல்லாரும் அழுத்துவார்கள். பின்னால் நிற்பவர்கள் கைதட்டத் தட்ட இன்னும் அழுத்துவார்கள். கேமராக்காரர் "இன்னொரு தபா சார்" என்பார், மறுபடியும் அழுத்துவார்கள். அவர்கள் போன பிறகு பார்த்தால் பாத்தியில் டீ நிறத்தில் உப்பு கிடக்கும். அதை வாரித் தனியாகக் கொட்டிவிட்டு, பாத்தியை மறுபடி மிதித்துச் சமன்படுத்த வேண்டும். தேர்தல் எப்போதும் நல்ல வெயிலில், உப்பு விளைகிற நேரம் பார்த்துத்தான் வருகிறது. ஐப்பசி கார்த்திகையில் அளம் முழுக்க வெள்ளமாக நிற்கும்போது எந்த அண்ணனும் எட்டிப் பார்த்தது கிடையாது.

எம்.பி.யை மட்டும் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறாள் என்று தோன்றலாம். இந்தப் பக்கத்து அளங்களில் பலதும் மத்திய அரசு நிலம். உப்பு என்பதே டெல்லியின் சமாச்சாரம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சித் தலைவரைப் பிடிக்கலாம். ரேஷன் கடையில் தகராறு என்றால் எம்.எல்.ஏ.விடம் போகலாம். அளத்தைப் பற்றி வாயைத் திறந்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி கையை விரிப்பார்கள். "அது சென்ட்ரல் கவர்மென்ட் எடம்மா. நாங்க ஒரு செங்கல் வெக்க முடியாது." ஆக, உலகத்தில் எங்களுக்கென்று இருக்கிற ஒரே ஆள் எம்.பி. அவர் டெல்லியில் இருப்பார். டெல்லியில் விசாரித்தால் தொகுதியில் இருக்கிறார் என்பார்களாம்.

நாங்கள் அவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெண்களுக்கு ஒரு கழிப்பறை.

உப்பளத்தைக் காரில் போகும்போது பார்த்தவர்களுக்கு அழகாக இருந்திருக்கும். கண்ணுக்கு எட்டிய வரை தட்டையாகக் கிடக்கும். ஒரு புதர் கிடையாது, ஒரு மரம் கிடையாது, வரப்பு முழங்கால் உயரம்கூட வராது. ஆண்கள் சும்மா திரும்பி நின்றுகொள்வார்கள். நாங்கள் என்ன செய்வது? விடியற்காலையில் எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டோம். அவ்வளவுதான் வழி. அந்த வெயிலில், அந்த உப்பில், மத்தியானம் வரை வாயை நனைக்காமல் வேலை செய்வோம். என் நாத்தனார், புருஷன் இல்லாமல் எங்களோடேயே இருப்பவள், என்னோடு அளத்துக்கு வருகிறவள், இதில் ரொம்பக் கெட்டிக்காரி. சாயங்காலம் வரை கூடத் தாங்குவாள். கடைசியில் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலுமாக அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. டாக்டர் நல்லவர்தான், நன்றாகத் திட்டினார். "நெறைய தண்ணி குடிக்கணும்மா." இவளும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். குடித்ததை எங்கே விடுவது என்று டாக்டர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அந்த வருஷம் அவளுக்கு இரண்டாம் முறையும் காய்ச்சல் வந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் உப்பு வார வந்த வேட்பாளரிடம்தான் முதலில் கேட்டேன். பலகை அவர் கையில் இருந்தது. எங்கேயும் ஓட முடியாத நேரம். "மொதல் கூட்டத்தொடர்லயே பேசிடறேம்மா" என்றார். ஜெயித்தும் விட்டார். நான் முட்டாள், டிவியில் நாடாளுமன்றத்தைக் காட்டும்போதெல்லாம் குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பேன். ஒரே ஒரு முறை அவர் தலை தெரிந்தது. வேறு யாரோ பேசிக்கொண்டிருக்க, பின்வரிசையில் உட்கார்ந்து மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் தட்டினார். மேசைக்குக் களிமண் கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம்.

அடுத்தவரிடம் கேட்டதற்கு அவர் நாலு பக்கமும் கண்ணை ஓட்டிவிட்டு, "இவ்ளோ காத்தோட்டமா எடம் இருக்குதே, அப்புறம் இன்னா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்குப் பலகை என் கையில் இருந்தது. அவருடைய நல்ல நேரம், நாத்தனார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

நடுவில் எங்கள் தொகுதியே காணாமல் போனது. திண்டிவனம் என்று ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. பெருமுக்கல் மலையைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போனால் வந்துவிடும் ஊர். எம்.பி.யைப் பார்க்க முடியாவிட்டாலும், பார்க்கக் கிளம்பிப் போகிற தூரத்திலாவது இருந்தது. மறுசீரமைப்பு என்று சொல்லி அதைக் கலைத்து எங்களை விழுப்புரத்தோடு சேர்த்துவிட்டார்கள். யாரோ எங்கேயோ ஒரு மேப்பில் கோடு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். எம்.எல்.ஏ.வுக்கு இன்னும் திண்டிவனம், எம்.பி.க்கு விழுப்புரம். இந்தப் பக்கம் பாண்டிச்சேரியில் அவர்களுக்கென்றே தனியாக ஒரு எம்.பி. இருக்கிறார். ஒரு தேர்தலில் பாண்டிச்சேரி வேட்பாளரின் பிரசார ஆட்டோ, எல்லை எங்கே முடிகிறது என்று தெரியாமல் பெரிய முதலியார்சாவடி வரைக்கும் வந்து ஓட்டுக் கேட்டுவிட்டுப் போனதாம். அங்கே வாழ்க்கைப்பட்ட எங்கள் சொந்தக்காரப் பெண் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டு இல்லாத தெருவுக்குள்ளும் வந்திருக்கிறாரே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

புதுத் தொகுதியிலும் அதே வேட்பாளர் பாத்திதான். அப்படி வந்தவர்களில் ஒருவர் கழிப்பறை என்றதும் உற்சாகமாகி, சோலார், சென்சார், தானாகத் திறக்கும் கதவு என்று அடுக்கினார். நாங்கள் நாலு சுவர் கேட்டோம். மூன்று சுவர் கொடுத்தாலும் சமாளித்திருப்போம்.

கடைசியில் சுவர் கொடுத்தது தேர்தல்தான். வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் இங்கே எல்லாருக்கும் அவசர வேலை ஒன்று உண்டு. வேட்பாளர்களின் ஃப்ளெக்ஸ்களை அவிழ்த்து எடுத்து வருவது. குவியல்மேல் போர்த்த, மாட்டுக் கொட்டகைக்கு, கோழிக் கூண்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஆகும். அந்த முறை என் வீட்டுக்காரர் கொண்டுவந்த கட்டைப் பார்த்துவிட்டு நாத்தனார் சொன்னாள்.

"அண்ணி, இவுங்க கட்டித்தர மாட்டேன்னா போறாங்க. இவுங்களையே கட்டிக்கலாம்."

சவுக்குக் கழி நட்டு, குழி தோண்டி, கல் போட்டு, நாலு பக்கமும் நாலு ஃப்ளெக்ஸைக் கட்டினோம். ஒவ்வொரு பக்கமும் ஒரு கட்சி. எங்கேயும் சேராதவர்கள் எங்களுக்காக ஒன்று சேர்ந்தார்கள். படம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் பெண்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. "அந்தாளு உள்ள பாத்துக்கினு இருந்தா எனக்கு வராதுடி" என்று ஒருத்தி அடித்துச் சொல்லிவிட்டாள். அதனால் முகங்களை வெளிப்பக்கம் பார்த்துக் கட்டினோம். நாலு பேரும் கைகூப்பிக்கொண்டு நாலு திசையிலும் காவல் நின்றார்கள். தொகுதிக்கு அவர்கள் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அடுத்த நாளே நாத்தனார் ஒரு பெரிய ரோஸ் கலர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். வரப்பில் உட்கார்ந்து, அண்ணாந்து, மடமடவென்று குடித்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன் பிறகு அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. ஃப்ளெக்ஸ் வெயிலில் கிழியக் கிழிய, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டோம். ஆனால் சாலையைப் பார்த்த பக்கம் இருந்தவர் மட்டும் கிழியவே இல்லை. செலவு பார்க்காமல் நல்ல கனமாக அடித்திருந்தார்கள்.

அதுதான் வினையாகப் போனது. மறுபடியும் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்த அன்றே நடத்தை விதி வந்துவிட்டது. கொஞ்ச நாளில் பறக்கும் படையின் கார் ஒன்று சாலையோரம் நின்றது. ஒரு அதிகாரி இறங்கினார், பின்னாலேயே வீடியோ எடுக்கிறவரும் இறங்கினார். வேட்பாளர் முகத்தைச் சாலையிலிருந்தே பார்த்துவிட்டார்கள்.

"யாரும்மா இந்த பேனர வெச்சது?"

"நாங்கதான் சார்" என்றேன்.

"எந்தக் கட்சி?"

"எல்லாக் கட்சியும்தான் சார். சுத்திப் பாருங்க."

"பர்மிஷன் இருக்குதா?"

"ஒண்ணுக்குப் போறதுக்கா சார்?"

வீடியோக்காரர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை, அவருக்கு உச்சிவெயிலில் வியர்த்துக் கொட்டியது. "ரூல்ஸும்மா. நான் வுட்டுட்டுப் போனா என் வேலை போயிடும். எலெக்‌ஷன் முடிஞ்சதும் கட்டிக்கோங்க" என்றார். நாலு ஃப்ளெக்ஸையும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அதையும் வீடியோ எடுத்தார்கள். எங்கள் கழிப்பறை இப்போது தேர்தல் ஆவணங்களில் பத்திரமாக இருக்கும். காய்ந்த மண்ணில் சவுக்குக் கழிகள் மட்டும் நின்றன. அன்றைக்குச் சாயங்காலம் நாத்தனாரின் பாட்டில் நிறைத்த தண்ணீரோடு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. மறுநாள் அவள் அதை எடுக்கவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அதே கனமான ஃப்ளெக்ஸ்காரருக்காக உள்ளூர்க் கட்சிக்காரர் வந்தார். அண்ணன் உள்நாட்டுக் கிராமங்களில் பிரசாரத்தில் இருக்கிறாராம், அளத்துக்கு அண்ணியார் வருகிறாராம். வரப்பு ஓரமாக அண்ணியார் படம் போட்ட வரவேற்பு ஃப்ளெக்ஸ் ஒன்றைக் கட்டினார்கள். அதற்குப் பர்மிஷன் இருந்தது.

அந்தம்மா நல்ல மாதிரிதான். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். வந்ததும் ஒரு இளநீர் கொடுத்தார்கள், குடித்தார். போட்டோவுக்காக இன்னொன்று கொடுத்தார்கள், அதையும் குடித்தார். வழக்கம்போல அழுத்தி வாரினார். கேமராக்கள் ஓய்ந்த பிறகு என் தோளைத் தொட்டு, காதோடு காதாகக் கேட்டார்.

"அக்கா, இங்க பாத்ரூம் எங்க இருக்குது?"

இத்தனை தேர்தலில் இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"போன வாரம் வரைக்கும் இருந்துதும்மா. ஒங்க வீட்டுக்காரருதான் காவலுக்கு நின்னாரு. எலெக்‌ஷன் வந்துதுன்னு அவரக் கழட்டிக்கினு போயிட்டாங்க."

அவருக்குப் புரியவில்லை. நாத்தனார் தள்ளி நின்ற சவுக்குக் கழிகளைக் காட்டி விளக்கினாள். விளக்க விளக்க அந்தம்மாவின் முகம் சுருங்கியது. காருக்குப் போகலாமென்றால் அடுத்த ஊரில் கூட்டம் காத்திருக்கிறது, சாலை முழுக்க ஆண்கள் நிற்கிறார்கள். நான் இரண்டு பெண்களைக் கூப்பிட்டேன். தலையில் கட்டியிருந்த துணிகளை அவிழ்த்து, கழிகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றோம். காற்றில் துணி படபடவென்று அடித்தது. வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அவர்கிட்ட கண்டிப்பா சொல்றேங்க" என்றார். சொல்லியிருப்பார். எங்கள் வீட்டிலும்தான் நான் எவ்வளவோ சொல்கிறேன்.

அவருடைய வீட்டுக்காரர் ஜெயித்தாரா தோற்றாரா என்று எழுதப்போவதில்லை. எங்கள் அளத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வாக்குப்பதிவுக்கு மறுநாள் என் வீட்டுக்காரர் புதுக் கட்டோடு வந்தார். ஆண்கள் மூன்று பேரை மறுபடியும் முகம் வெளியே தெரியக் கட்டினோம். மிச்சம் இருந்தது அந்த வரவேற்பு ஃப்ளெக்ஸ். அதையும் நான் வெளிப்பக்கமாகத் திருப்பப் போனபோது நாத்தனார் தடுத்தாள்.

"அந்தம்மா உள்ள பாத்துக்கினு இருக்கட்டும் அண்ணி. அவுங்களுக்குத்தான் தெரியும்."

சரியென்று அப்படியே கட்டிவிட்டோம். மறுநாள் காலையில் நாத்தனார் ரோஸ் கலர் பாட்டிலை அலம்பித் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். அடுத்த தேர்தல் அறிவிக்கும் வரைக்கும் குடிக்கலாம்.