கையை வீசிக்கொண்டு வந்த மாமன்

நான் மலாயாவுக்குக் கப்பலேறியபோது ஏழு பெட்டிகள் என் பின்னால் வந்தன என்று இங்கே பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். ஒரே ஒரு தகரப் பெட்டி. அதுவும் என்னோடு வந்து சேரவில்லை. இந்த ஊருக்கு வந்தபின் என் முதுகில் ஏறியது மச்சானின் காக்கிச் சட்டைதான். இப்போதும் அதைத்தான் போட்டிருக்கிறேன். அன்று அதற்குள் என்னைப்போல் இன்னும் ஒருவன் குடியிருக்கலாம்; இன்று வயிற்றுக்கு மேல் பொத்தான் எட்டவில்லை.

நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வளர்ந்தும் ஒரு வகுப்பும் தேறாத ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோடை விடுமுறை மட்டும் வாத்தியார்களைப் போல எனக்கும் உண்டு. அந்த விடுமுறையில் அக்காவைப் பார்க்கப் புறப்பட்டேன். மச்சான் இன்ஜினில் கரி தள்ளுபவர். குடும்பம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்தது. அவர்கள் மகளுக்குக் காது குத்தல். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் கொண்டுவரும் தோடுதான் காதில் ஏற வேண்டும். தோடும் பட்டுப்பாவாடையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியதும் கீழ்த்தட்டுக்காரர்களை எல்லாம் தொற்றுநோய் முகாமுக்கு ஓட்டிப்போய், துணிமணிகளை நீராவியில் அவித்துவிடுவார்கள் என்று கப்பலில் பேச்சு. பட்டு வெந்துபோகுமே என்று பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். அப்போது என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் எனக்குக் கெடுதல்தான். மேல்தட்டில் வந்த கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் முகாமுக்குப் போகாமல் நேராக ஊருக்குள் போகிறவர். பெட்டியை அவரிடம் ஒப்படைத்தேன்.

"வீடு எங்கப்பா?" என்றார்.

"பிரிக்பீல்ட்ஸ்ல போயி, மணி அடிக்கிறவன் மச்சான் வீடுன்னு கேளுங்கய்யா. சின்னப்புள்ளகூடச் சொல்லும்."

எங்கள் ஊரில் அப்படித்தான் வீடு சொல்வோம். இந்த ஊரில் என்னை யாருக்குத் தெரியும் என்பது முகாமில் கஞ்சி குடிக்கும்போதுதான் உறைத்தது.

அக்கா வீட்டு வாசலில் போய் நின்றபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். "பெட்டி எங்கடா?"

"வந்துக்கிட்டே இருக்குக்கா. அதுக்கும் வழி தெரியணுமில்ல?"

அவள் சிரிக்கவில்லை. கிள்ளானில் இருந்த மச்சானின் அக்காதான் அவளுடைய பயம். "உன் பொறந்த வீட்டுலேருந்து ஒரு துரும்பு வந்திருக்கா?" என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர். காது குத்தல் அவர் வீட்டில்தான்.

மச்சான் மட்டும் பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெளியே போகும்போது போட்டுக்கொள்ளத் தன் காக்கிச் சட்டையைத் தந்தார். கரியும் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாடை. "மாப்ளே, பெட்டி தொலைஞ்சா லீவும் தொலையணுமா? கெளம்புங்க" என்று வேலையில்லாத நேரமெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு அலைந்தார். திடலில் துரைமார் பந்தடிப்பதைப் பார்த்தோம். எதற்கு ஓடுகிறார்கள் என்று இருவருக்கும் விளங்கவில்லை, கை தட்டினோம். காஜாங்கில் தென்னை ஈர்க்கில் கோத்துச் சுட்ட சாத்தேக் கறி தின்றோம். சொன்னால் வெட்கம், எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடி போட்ட ஒருவர் எதிரே வந்தால் போதும், கையிலிருக்கும் ஈர்க்கைப் போட்டுவிடுவேன். சட்டை பறக்க ஓடிப்போய் முகத்தை எட்டிப் பார்ப்பேன். ஒரு சீனக் கிழவர் பயந்துபோய்க் குடையை ஓங்கிவிட்டார்.

வீட்டில் மச்சானின் சாரத்தைக் கட்டிக்கொண்டு வெற்றுடம்பாக இருப்பேன். குழந்தை என்னைக் கண்டாலே அலறும். அது வேறு கவலை.

அந்த நாளும் வந்தது. பெட்டி வரவில்லை. மச்சானுக்கும் வேலை. கிள்ளான் வீட்டுக் கூடத்தில் பத்தர் ஊசியோடு காத்திருக்க, மச்சானின் அக்கா எல்லார் காதிலும் விழும்படிக் கேட்டார்: "மாமன் கையை வீசிக்கிட்டு வந்திருக்காரே, காதுல எதப் போடறது? அவரு மீசையவா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், பழக்கம். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோடுதான் இல்லை, குழந்தையும் என் மடியில் உட்கார மறுத்துவிட்டால் அவள் இனி இந்த வீட்டில் தலை நிமிர முடியாது.

குழந்தையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அழுவதற்கு வாயைத் திறந்தது. அப்படியே நிறுத்தியது. நான் போட்டிருந்த மச்சானின் சட்டையை மோந்து பார்த்தது. பிறகு முகத்தை அதில் புதைத்துக்கொண்டு, "அப்பா" என்றது. ஊசி இறங்கியபோது அழத்தான் செய்தது. ஆனால் சட்டைப் பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டு, என் மடியிலேயே இருந்து அழுதது.

தன் தம்பியின் சட்டை மச்சானின் அக்காவுக்குத் தெரியாதா? எழுந்து கொல்லைப்புறம் போய், பச்சைத் தென்னோலையில் ஒரு ஈர்க்கைக் கிழித்து, மஞ்சள் தடவிக்கொண்டு வந்தார். "தோடு வர்ற வரைக்கும் இது கெடக்கட்டும் பத்தரே. ஓட்டை தூந்துடக் கூடாதுல்ல." அக்காவிடம் திரும்பி, "என்ன பாக்குற? பாயாசத்த உன் தம்பிக்கு மொத ஊத்து" என்றார். சாத்தே கோக்கும் குச்சி என் மானத்தையும் கோத்துத் தூக்கிவிட்டது.

விடுமுறைக்கு வந்தவன் பிறகு திரும்பிப் போகவே இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்னும் மணிக்காகக் காத்திருக்கிறார்களோ என்னவோ. மச்சான் போய்விட்டார். அவர் சட்டையில் இப்போது என் வெற்றிலை வாடைதான். இன்று அதே கிள்ளான் வீட்டில், அன்று ஈர்க்கு போட்டுக்கொண்ட என் மருமகளின் மகளுக்குக் காது குத்தல். தோடு தட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் என் தோளிலேயே வளர்ந்த அந்தக் குழந்தை, நேற்று ஈப்போவிலிருந்து வந்த தாய்மாமனை, மருமகளின் தம்பியை, கண்டாலே அலறுகிறது. உள்ளே சத்தம் கேட்கக் கேட்க, வாசலில் உட்கார்ந்திருக்கும் என் கை சட்டைப் பொத்தான்களுக்குப் போகிறது.

பெட்டி கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? கிடைத்தது. அந்தக் கண்ணாடிக்காரர், பாவம், கோயில், மாதாகோயில் ஒன்று விடாமல் ஏறி இறங்கி, மணி அடிக்கிறவன் யார், அவன் மச்சான் யார் என்று விசாரித்து, கடைசியில் ஒரு...

"மாமா! கதையெல்லாம் அப்புறம். சட்டையக் கழட்டிக் குடுங்க, தம்பி போட்டுக்கட்டும். சீக்கிரம், நேரம் போவுது!" உள்ளேயிருந்து மருமகள்.

பொத்தான்கள் ஏற்கெனவே திறந்துதான் இருந்தன.