கட்டணம் ஏறியதும் நான் சேர்த்த தண்ணீர்

பிள்ளைகளே, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் துப்புரவுக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் சேர்ந்து ஏறின. எரிச்சலில், காய்கறி கழுவிய தண்ணீரைச் செடிகளுக்கென்று வாளியில் சேர்த்தேன்.

"அப்பா, வாளியில ஏதோ நெளியுது. கொட்டிடவா?" என்றாள் மகள்.

"தூசியா இருக்கும். கொட்டாதே லா, தண்ணி இப்ப தங்க விலை."

சில நாளில் அவளுக்கு டெங்கிக் காய்ச்சல். கொசுச் சோதனைக்கு வந்த பெண் வாளிக்குள் விளக்கடித்தார். "அண்ணே, நீங்க கட்டுற காசுலதான் நாங்க வீடு வீடா வர்றோம். நீங்களே கொசு வளர்க்கலாமா?"

மகள் பிழைத்தாள். அதே காய்ச்சலில் பக்கத்து வீட்டு மலாய் அம்மா இறந்துவிட்டார். எங்கள் வாளிக் கொசுதான் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை.

இப்போது வாளியைக் கவிழ்த்தே வைக்கிறேன். பூட்டிக் கிடக்கும் அந்த மலாய் அம்மாவின் வீட்டு வாசலில், பூச்சட்டித் தட்டுகளில் தேங்கும் மழைநீரையும் தினமும் நானே கொட்டிவிடுகிறேன்.